கல்வராயன் மலையும் ஆகாசவாணியும்

நமது வகுப்புப் பிள்ளைகளுக்குச் சென்ற பருவத்தில் ஒரு வேலை கொடுத்தோம். தினந்தோறும் ஒரு தடவையாவது ஆகாசவாணிச் செய்தியைக் கேட்க வேண்டியது. கேட்டதில் தங்கள் ஊரைப் பற்றியோ, தங்கள் ஜில்லாவைப் பற்றியோ வந்த சமாசாரங்களைத் தேதி போட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டியது. ஏழு நாள் கழித்து நம்மிடம் கொண்டுவந்து காட்ட வேண்டியது. பிள்ளைகள் காதில் நல்ல தமிழ் விழும், கையெழுத்தும் கொஞ்சம் திருந்தும் என்பது நமது எண்ணம். இரண்டும் ஓரளவு நிறைவேறின என்றே சொல்ல வேண்டும். ஆனால் நாம் எண்ணாத மூன்றாவது விஷயம் ஒன்றும் நடந்தது.

கள்ளக்குறிச்சி நகரத்துப் பிள்ளைகள் மழை அறிக்கை, மந்திரி வருகை, கோமுகி அணையின் நீர் மட்டம் என்று ஏதோ சிலவற்றைச் சேகரித்துவிட்டார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் மலைப் பையன் ஒருவனுடைய நோட்டில் மட்டும் இரண்டு பக்கம் நிறைய எழுதியிருந்தது. ஆவலோடு படித்தோம். "மேலூரில் மூன்று நாளாகக் கரண்டு இல்லை. ஓடையில் தண்ணீர் வந்துவிட்டதால் ரேஷன் வண்டி ஏறவில்லை. கடுக்காய் விலை இறங்கிவிட்டது. பெருமாள் வீட்டுப் பசு கன்று போட்டது. பாட்டிக்கு உடம்பு தேவலை."

"தம்பி, இதெல்லாம் எந்த நிலையத்துச் செய்தி?" என்று கேட்டோம்.

"எதிலேயும் வரலீங்க, ஸார். விடுதிச் சமையற்கார அண்ணன் போனிலே ஏழு நாளும் கேட்டேன். எங்க மலை வரவே இல்லை. நடந்தது இதுதான்; அதனாலே எழுதிட்டேன்" என்றான்.

விதிப்படி பார்த்தால் பையனுக்குப் பூஜ்யம் போட வேண்டும். கேட்டதை எழுதச் சொன்னால், நடந்ததை எழுதி வந்திருக்கிறான். சிவப்பு மையை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால், இந்தத் தேசத்தின் சட்டமும் இந்தப் பையனுக்கு நேராக அதே சிவப்பு மையைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

கல்வராயன் மலையைப் பார்த்திராத நேயர்களுக்காகச் சில வார்த்தைகள். கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே சென்றால் கச்சிராயபாளையம். அதனருகே கோமுகி அணை. அதைத் தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து மேலே ஏறி, கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்குப் போகிறது. மலையின் ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி ஜில்லாவையும், மற்றொரு பக்கம் சேலம் ஜில்லாவையும் சேர்ந்தது. அங்கே வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம்; மலையில் வாழ்கிறவர்கள் என்பதுதான் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

இந்த மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 1947-இல் தேசம் முழுவதும் கொடியேற்றியபோதும் மலையில் ஜாகீர் ஆட்சி அப்படியே நீடித்தது. வழக்குகளெல்லாம் முடிந்து சர்க்கார் மலையை ஏற்றுக்கொண்டது 1976-ஆம் வருஷத்தில். சுயராஜ்யம் வந்து 29 வருஷம் கழித்து, அதுவும் நெருக்கடி நிலை அமலில் இருந்த காலத்தில், இந்த மலைக்கு ஜாகீர் ஒழிந்தது என்பது விந்தையான சரித்திரம். தேசம் சுதந்திரத்தை இழந்திருந்த வேளையில் மலைக்கு ஒரு சுதந்திரம் கிடைத்தது!

கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானது 2019 நவம்பர் 26-ந் தேதி. அதற்குப் பின்பு அகில இந்தியச் செய்தி ஸ்தாபனங்கள் இந்தப் பக்கம் பெரும் படையாக வந்ததை நாம் இரண்டு தடவை கண்டிருக்கிறோம். 2022 ஜூலையில், ஒரு மாணவியின் மரணத்தைத் தொடர்ந்து கனியாமூரில் கலகம் மூண்டு பஸ்கள் எரிந்தபோது வந்தார்கள். 2024 ஜூனில் விஷச் சாராயம் குடித்து ஜனங்கள் மடிந்தபோது வந்தார்கள். கூரையின்மேல் குடையை விரித்தாற்போன்ற கருவியைத் தாங்கிய வண்டிகள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நின்றன. நம் ஊர்ப் பெயரை டில்லியிலும் பம்பாயிலும் உள்ளவர்கள் நாக்கைச் சுழற்றிச் சுழற்றி உச்சரித்தார்கள். சில வாரங்களில் வண்டிகள் போய்விட்டன.

அந்த 2024 ஜூன் சம்பவத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜூன் 18-ந் தேதி கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் பாக்கெட்டில் விற்ற சாராயத்தைப் பலர் குடித்தார்கள். 19-ந் தேதி காலையிலிருந்து ஒவ்வொருவராக விழத் தொடங்கினார்கள். முடிவில் மாண்டவர் தொகை 65-க்கும் மேலாயிற்று. சாராயத்தில் கலந்திருந்தது மெதனால் என்னும் ரசாயனம். மெதனால் வயிற்றில் போன மாத்திரத்தில் ஆளைக் கொன்றுவிடுவதில்லை. உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறிய பிறகே கண் நரம்பையும் மூளையையும் தாக்குகிறது. இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அந்த இடைவேளையில் ஆஸ்பத்திரியை அடைந்துவிட்டால் மாற்று மருந்து கொடுக்கலாம், ரத்தத்தைச் சுத்திகரிக்கலாம், உயிரைக் காப்பாற்றலாம். கண் மங்கிய பின்பு வந்தால் காரியம் கெட்டுவிடுகிறது. ஆகவே, "நேற்று அந்தப் பாக்கெட்டைக் குடித்தவர்கள், உடம்பு நன்றாயிருந்தாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்" என்ற இரண்டு வாக்கியங்களுக்கு அன்று காலையில் இருந்த விலைக்கு ஈடு ஏது?

அந்த இரண்டு வாக்கியங்கள் வேண்டிய நேரத்தில் வரவில்லை. ஜில்லா அதிகாரிகள் தரப்பிலிருந்து வந்த முதல் விளக்கம், இந்த மரணங்கள் சாராயத்தால் நேர்ந்தவை என்று சொல்வதற்கில்லை என்ற தோரணையில் இருந்தது. முதலில் இறந்தவர்கள் வீட்டுத் துக்கத்துக்குப் போனவர்களிலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்ததாக அந்நாளில் பத்திரிகைகள் எழுதின. பரிசோதனையில் மெதனால் என்று தெரிந்தபின் கலெக்டரை மாற்றினார்கள். போலீஸ் சூப்பரிண்டெண்டை ஸஸ்பெண்டு செய்தார்கள். ஒரு நீதிபதியின் தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் அறிவித்தார்கள். நவம்பரில் சென்னை ஹைகோர்ட் வழக்கை ஸி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. இவையெல்லாம் நடந்தது நடந்த பின்பு.

இதற்கிடையில் படம் பிடிக்கிறவர்களுக்கு மலை ஞாபகம் வந்தது. போலீஸார் கல்வராயன் மலையில் ஊறல் பானைகளை உடைத்துக் கொட்டும் காட்சி தேசமெங்கும் ஓடிற்று. மலையில் சாராயம் காய்ச்சுவதே இல்லை என்று நாம் சாதிக்கப் போவதில்லை. ஆனால் மெதனால் ஆலைகளில் உற்பத்தியாகும் சரக்கு, மலைச் சரக்கன்று. கருணாபுரம் நகரத்தின் நடுவில் இருக்கிறது. மரணம் நகரத்தில் நேர்ந்தது, விஷம் கீழே கலந்தது, படம் மட்டும் மலையைப் பிடித்தது. அதைப் பார்த்த காசிவாசி ஒருவர் கல்வராயன் மலையைப் பற்றி வாழ்நாள் முழுவதும் என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று ஊகிக்க அதிகப் படிப்பு வேண்டியதில்லை.

ஒரு நன்மையும் இல்லாமல் போகவில்லை. 2024 ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி எஸ். எம். சுப்பிரமணியம், நீதிபதி சி. குமரப்பன் இருவரும் கல்வராயன் மலைவாசிகளின் வாழ்வைப் பற்றித் தாமாகவே முன்வந்து வழக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். சாலை, பள்ளிக்கூடம், வைத்திய வசதி, ரேஷன் முதலியவற்றைப் பற்றி அதிகாரிகளைக் கேள்வி கேட்டார்கள். மலைப் பையனின் நோட்டில் உள்ள விஷயங்களேதான் இவை! ஹைகோர்ட் வரையில் போவதற்கு இந்த விஷயங்களுக்கு நகரத்திலே அத்தனை சாவு தேவைப்பட்டது.

இனி ரேடியோவின் கதைக்கு வருவோம். நம் ராஜதானியில் ரேடியோவைக் கொண்டுவந்தது சர்க்கார் அல்ல என்பதை இக்காலத்துப் பிள்ளைகள் அறியமாட்டார்கள். 1924-இல் ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சென்னை ராஜதானி ரேடியோ கிளப் என்று ஒன்றை ஏற்படுத்தி, அவ்வருஷம் ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பத் தொடங்கினார்கள். பணமில்லாமல் மூன்று வருஷத்தில் கிளப் படுத்துவிட்டது. அதன் கருவியைச் சென்னைக் கார்ப்பரேஷன் வாங்கிக்கொண்டு 1930 முதல் நடத்திற்று. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து, மாலை வேளையில் ஜனங்கள் மணலில் உட்கார்ந்து சங்கீதம் கேட்டார்கள். 1936-இல் இந்திய சர்க்காரின் ரேடியோவுக்கு அகில இந்திய ரேடியோ என்று பெயர் வந்தது. 1938 ஜூன் 16-ந் தேதி, ராஜாஜி பிரதம மந்திரியாயிருந்த காலத்தில், சென்னை நிலையம் அதன் கீழ் வந்தது. மறு வருஷம் மே மாதம் திருச்சி நிலையம் திறந்தார்கள். ஊரார் ஆரம்பித்ததை நகரசபை எடுத்தது. நகரசபையிடமிருந்ததை டில்லி எடுத்தது. பதினான்கு வருஷத்தில் மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் ஒலிபெருக்கிக்கும் உள்ள தூரம் 1300 மைலாகிவிட்டது.

டில்லி ரேடியோ எதைச் சொல்லாது என்பது 1942-இல் தெரிந்தது. காந்தியடிகளையும் மற்றத் தலைவர்களையும் சிறையில் அடைத்தபின், பம்பாயில் உஷா மேத்தா என்ற 22 வயதுப் பெண்ணும் தோழர்களும் காங்கிரஸ் ரேடியோவை ரகசியமாக நடத்தினார்கள். போலீஸார் மோப்பம் பிடிக்காதபடி வீடு வீடாக மாற்றிக்கொண்டே, ஆகஸ்டு 27 முதல் நவம்பர் 12-ந் தேதி பிடிபடும் வரையில், சர்க்கார் ரேடியோ மூடி மறைத்த சமாசாரங்களைச் சொன்னார்கள். அகில இந்திய ரேடியோவுக்கு "ஆன்டி இந்தியா ரேடியோ" என்று கேலிப் பெயர் வழங்கியது அப்பொழுதுதான். உஷா மேத்தாவுக்கு நான்கு வருஷச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அனுமதியின்றிச் செய்தி ஒலிபரப்பியது குற்றம்! அந்தக் குற்றவாளியின் தியாகத்தை இன்று நமது பாடப் புத்தகங்கள் புகழ்கின்றன. மிகவும் நியாயம். ஆனால் அனுமதியின்றி ரேடியோவில் செய்தி சொல்வது இன்றும் குற்றந்தான் என்பதைப் பாடப் புத்தகம் சொல்வதில்லை.

சுயராஜ்யத்துக்குப் பின்பும் ரேடியோ சர்க்காரின் இலாகாவாகவே இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் ஜனங்கள் அதற்குச் சூட்டிய பெயர் "ஆல் இந்திரா ரேடியோ". 1984 அக்டோபர் 31-ந் தேதி காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்ததை வெளிநாட்டு ரேடியோ பகலிலேயே சொல்லிவிட்டது. ஆகாசவாணி மாலையில்தான் சொல்லிற்று. தேசத்தின் பிரதம மந்திரி மாண்ட செய்தியைத் தேசத்தின் ரேடியோ கடைசியில் சொன்னது.

இதையெல்லாம் எழுதுவதால் நாம் ஆகாசவாணியின் விரோதி என்று எண்ணிவிடக் கூடாது. காலை 7.15 மணிக்கு டில்லியிலிருந்து சரோஜ் நாராயணசாமியின் குரல் கேட்டால்தான் எங்கள் வீட்டில் அந்நாளில் பொழுது விடிந்ததாக அர்த்தம். பதற்றமில்லாத குரல், சுத்தமான உச்சரிப்பு, வேண்டாத ஆரவாரம் ஒன்றும் இல்லை. இக்காலத்துத் தொலைக்காட்சிகளில் எட்டுப் பேர் எட்டுப் பெட்டிக்குள் இருந்துகொண்டு ஏககாலத்தில் கூச்சலிடுவதைச் செய்தி என்று சொல்வதைவிட, ஆகாசவாணியின் பத்து நிமிஷம் எத்தனையோ மேல். பிள்ளைகளை நாம் ஆகாசவாணியைக் கேட்கச் சொன்னதற்கும் காரணம் இதுதான்.

அது மட்டுமல்ல. ஆகாசவாணி வயலில் இறங்கிய காலமும் ஒன்று உண்டு. 1956-இல் பூனாப் பக்கத்தில் 150 கிராமங்களில் ரேடியோச் சபைகள் அமைத்தார்கள். குடியானவர்கள் கூடி உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்பார்கள், விவாதிப்பார்கள், சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள், அடுத்த நிகழ்ச்சிகளில் பதில் வரும். யுனெஸ்கோவின் உதவியோடு நடந்த இந்தச் சோதனையைப் பம்பாய் டாட்டா சமூக விஞ்ஞானக் கழகத்தார் ஆராய்ந்து, நல்ல பலன் தந்தது என்று அறிக்கை எழுதினார்கள். 1960-களில் திருச்சி நிலையம் ஆடுதுறை 27 என்ற புது நெல்லைப் பற்றி விடாமல் சொல்லிவர, தஞ்சாவூர் மிராசுதாரர்களும் குத்தகைக்காரர்களும் அதைப் பயிரிட்டு அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விதைக்குப் பெயர் சூட்டும் அளவு நம்பிக்கை சர்க்கார் ஸ்தாபனங்களுக்கு எளிதில் கிடைப்பதல்ல. கேட்கிறவனும் பேச முடிந்ததால் வந்த நம்பிக்கை அது.

1990-இல் பார்லிமெண்ட் பிரசார் பாரதிச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 1997-இல்தான் அது அமலுக்கு வந்தது. அதன் 12-ஆம் பிரிவை நேயர்கள் ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும். உண்மையான, பாரபட்சமற்ற செய்தியை அறியும் பிரஜையின் உரிமையைக் காப்பது, கிராமத்தாருக்கும் எளியவருக்கும் பின்தங்கிய ஒதுக்குப்புறப் பிரதேசத்தாருக்கும் சேவை செய்வது, பழங்குடியினரின் விசேஷத் தேவைகளைக் கவனிப்பது எல்லாம் பிரசார் பாரதியின் கடமைகள் என்று அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள். கல்வராயன் மலையை நேரில் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது.

இடையில் 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் பந்தயம் சம்பந்தமான ஒரு வழக்கில், ஆகாயத்து அலைகள் பொதுஜனங்களின் சொத்து என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. அதன் பின் தனியார் எப்.எம். நிலையங்கள் வந்தன. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக் கழகத்தில் முதல் சமூக வானொலி தொடங்கிற்று. 2006-இல் தர்ம ஸ்தாபனங்களும் சமூக வானொலி வைக்கலாம் என்று விதி வந்தது. 100 வாட் சக்தி, 30 மீட்டர் கம்பம். சுமார் 10, 15 கிலோ மீட்டருக்குக் கேட்கும். வெள்ளிமலையில் வைத்தால் சுற்றுக் கிராமங்கள் பலவற்றுக்குப் போதும்.

வைத்ததாகவே வைத்துக்கொள்வோம். நமது பையனையே அதன் முன் உட்காரவும் வைப்போம். அவன் பாட்டுப் போடலாம், கதை சொல்லலாம், தேனீ வளர்க்கும் விதத்தைச் சொல்லலாம். ஆனால் செய்தி சொல்லக் கூடாது! ஆகாசவாணியின் செய்தியை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். தானாகத் திரட்டிய செய்தியைச் சொல்லக் கூடாது. தனியார் எப்.எம். நிலையங்களுக்கும் இதே தடைதான். போக்குவரத்து, பருவநிலை, பரீட்சை முடிவு, தண்ணீர், மின்சாரம், புயல், சுகாதார எச்சரிக்கை முதலியவற்றைச் செய்தி என்று கருதாமல் சொல்ல அனுமதி தந்திருக்கிறார்கள். இதில் சுகாதார எச்சரிக்கை போன்றவற்றை உள்ளூர் அதிகாரிகள் கொடுத்தபடிதான் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

2024 ஜூன் 19-ந் தேதி காலையை இந்த நிபந்தனையோடு சேர்த்து எண்ணிப் பார்க்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கருணாபுரத்தில் அடுத்தடுத்த வீடுகளில் மரண ஓலம் கேட்கிறது. எந்தக் கடையில் வாங்கிய பாக்கெட் என்று தெருவாருக்குத் தெரியும். தெருவிலேயே ரேடியோ நிலையம் இருந்திருந்தாலும், அது சொல்லியிருக்கக்கூடியது அதிகாரிகள் தரும் அறிவிப்பை. அதிகாரிகளின் முதல் விளக்கம் எப்படி இருந்தது என்பதை முன்பே கூறினோம்.

பத்திரிகை நடத்தலாம், இருபத்துநாலு மணி நேரமும் தொலைக்காட்சியில் செய்தி சொல்லலாம், கைபேசியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பரப்பலாம். இவற்றிலெல்லாம் தேசத்துக்கு வராத அபாயம், சொற்பச் செலவில் ஏழைக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் எட்டக்கூடிய ரேடியோவில் மட்டும் எங்கிருந்து வருகிறது? மத்திய சர்க்கார் சொல்லும் சமாதானம், இத்தனை சிறு நிலையங்களையும் கண்காணிக்க ஏற்பாடில்லை, தேசத்தின் பாதுகாப்புக்குக் கெடுதி நேரலாம் என்பது. ரகசியக் கருவியைத் தேடி வீடு வீடாக அலைந்த 1942-ஆம் வருஷத்துப் போலீஸ் அதிகாரியின் குரல் நம் காதில் விழுகிறது.

இந்தத் தடையைச் சுப்ரீம் கோர்ட் வாசலுக்குக் கொண்டுபோனது டில்லியிலுள்ள ஒரு பொதுநல ஸ்தாபனம். காமன் காஸ் என்று பெயர், 1980-இல் எச். டி. ஷோரி தொடங்கியது. 2013-இல் அது பொதுநல வழக்குத் தொடுத்தது. 2023 செப்டம்பரில் டிராய் ஆணையமும், தனியார் எப்.எம். நிலையங்கள் மணிக்குப் பத்து நிமிஷம் செய்தி சொல்ல விடலாம் என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு என்பது நம் தேசத்தில் தீர்க்காயுள் உடையது. பக்கத்திலுள்ள சின்னஞ்சிறு நேபாளத்தில் 1997-இலேயே ரேடியோ ஸாகர்மாதா என்ற சமூக நிலையம் தோன்றிச் செய்தி சொல்லி வந்தது. 2005-இல் அரசர் அதிகாரத்தைக் கைப்பற்றியதும் எப்.எம். செய்திகளைத் தடுத்தார், ஜனங்களும் கோர்ட்டும் எதிர்த்து நின்றதில் தடை நிற்கவில்லை. பொலிவியாவில் தகரச் சுரங்கத் தொழிலாளிகள் 1940-களின் இறுதியிலிருந்து தங்கள் கூலியிலிருந்தே பணம் ஒதுக்கித் தங்கள் நிலையங்களைத் தாங்களே நடத்தினார்கள். அங்கெல்லாம் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

காமன் காஸைப் பாராட்டிய கையோடு, பொதுக் கொள்கையை ஆராயும் மற்ற ஸ்தாபனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. டில்லியிலும் சென்னையிலும் நிபுணர்கள் நல்ல அறிக்கைகள் பல எழுதுகிறார்கள். 2006-இல் டில்லியில் சில ஆராய்ச்சியாளர்கள் 37 அகில இந்தியச் செய்தி ஸ்தாபனங்களில் முடிவெடுக்கும் இடத்திலுள்ள 315 பேரை எண்ணிப் பார்த்தார்கள். அவர்களில் ஆதிவாசி ஒருவரும் இல்லை. தலித் ஒருவரும் இல்லை. இந்த ஒரு கணக்குக்காகவே அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மலை ஏன் செய்தியில் வருவதில்லை என்ற பையனுடைய கேள்விக்குப் பாதி விடை அதில் இருக்கிறது.

ஆனால் நிபுணர்களின் கணக்கிலும் மலை ஒளிந்துகொள்கிறது. ஐந்தாவது தேசீயக் குடும்ப நல ஆய்வு 2019 முதல் 2021 வரை நடந்தது. குழந்தைகளின் எடை, தாய்மாரின் ரத்த சோகை முதலியவற்றை ஜில்லா வாரியாகச் சொல்லும் பெரிய கணக்கு அது. 2017 மார்ச்சில் இருந்த ஜில்லாக்களின்படி எடுத்ததால் அதில் கள்ளக்குறிச்சி என்ற ஜில்லாவே கிடையாது. எல்லாம் விழுப்புரத்துக்குள் அடக்கம். மரக்காணத்துக் கடற்கரையையும் வெள்ளிமலையையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வருவது கடலுக்கும் பொருந்தாது, மலைக்கும் பொருந்தாது. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்குக்கு 2027 மார்ச் 1-ந் தேதியை நிர்ணயித்திருக்கிறார்கள். அது வரையில் மலைக்கு வந்துபோகும் நிபுணர்கள் கையிலிருப்பது 2011-ஆம் வருஷத்துக் கணக்கு; அவ்வருஷத்தில் நமது மலைப் பையன் பிறக்கவே இல்லை.

நிபுணர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. கணக்கெடுக்க வந்தவர்களை ஒரு தடவை மலையில் சந்தித்துப் பேசியும் இருக்கிறோம். மரியாதையுள்ளவர்கள், நாற்பது கேள்விகள் கொண்ட தாளோடு வந்தார்கள். ஒரு கிழவி நாற்பதுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "நானு ஒண்ணு கேக்கலாமா, சாமி?" என்றாள். அதற்குத் தாளில் இடமில்லை. வண்டி கீழே இறங்க நேரமாகிவிட்டது. பூனாக் கிராமங்களில் 1956-இல் அந்தக் கிழவியின் கேள்விக்கு ரேடியோவில் பதில் வந்திருக்கும்.

ஆகாசவாணிக்கு ஜில்லாக்களில் பகுதிநேர நிருபர்கள் உண்டு. கல்வராயன் மலை போன்ற பிரதேசங்களுக்கு மலையிலேயே குடியிருக்கும் ஒருவரை நிருபராக நியமித்தால், ஆகும் செலவு ஓர் அதிகாரி ஒரு தடவை டில்லி போய்வரும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பது நமது அபிப்பிராயம். அதைச் செய்யப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. பிரசார் பாரதிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவே போதும். சமூக வானொலி உள்ளூர்ச் செய்தி சொல்வதற்கு விதியைத் திருத்த வேண்டும். பொய் சொன்னால் தண்டிக்கப் பத்திரிகைக்கு உள்ள சட்டங்களே ரேடியோவுக்கும் இருக்கின்றன. நமது பார்லிமெண்ட் அங்கத்தினர்களுக்கு நேயர்கள் ஒரு தபால் எழுதிப் போடலாம். விஷயத்தைச் சுருக்கமாக எழுத வேண்டும். நீண்ட கடிதங்களை அவர்கள் படிப்பதில்லை என்று கேள்வி.

மார்க்கு விஷயம் என்னாயிற்று என்று நேயர்கள் கேட்கக்கூடும். நோட்டு நம் மேஜை மேல் இரண்டு நாள் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் பையனே வந்து நின்றான்.

"மார்க்கு போட்டாச்சுங்களா, ஸார்?"

"இன்னும் இல்லை, தம்பி. என்ன அவசரம்?"

"மார்க்கு அப்புறம் போடுங்க, ஸார். நோட்டு வேணும். ரேஷன் வண்டி ஏறிடுச்சுன்னு மாமா போன் பண்ணாரு. அதை எழுதணும்."

கொடுத்து அனுப்பினோம்.